நான் வருகிறேன் என்று தெரிந்தால்

பாலக்கரையில் ஒரு கிளினிக்குக்கு நோயாளிகளைப் பதிவு செய்ய நான் எழுதிக்கொடுத்த பைத்தான் புரோகிராம், மாலையானால் மெமரி போதவில்லை என்று நின்றுவிடும். நோயாளிகள் காத்துக் கிடப்பார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து நான் போய்ப் பார்த்தால் ஒழுங்காக ஓடும். ரிசப்ஷனிஸ்ட் மும்தாஜுக்குத்தான் பயன்படுத்தத் தெரியவில்லை என்று டாக்டரிடமே சொல்லிவிட்டேன்.

ஒருநாள் மும்தாஜ் டீ கொடுத்தபடி சொன்னார்: "நீங்க வர்றீங்கன்னா கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி வச்சிடுவேங்க. விருந்தாளி வந்தா வீட்டைக் கூட்டிப் பெருக்க மாட்டோமா?"

ஆஃப் செய்தால் மெமரி காலியாகிவிடும், தவறும் மறைந்துவிடும்.

மறுநாள் மாலை சொல்லாமல் போனேன். டேட்டாபேஸிலிருந்து எடுத்த ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் விடாமல் மெமரியில் குவித்துக்கொண்டிருந்தது என் புரோகிராம். திருத்தினேன். டாக்டரிடமும் உண்மையைச் சொன்னேன்.

இப்போதும் சொல்லாமல்தான் போகிறேன். "ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக்கூடாதாங்க?" என்று மும்தாஜ் கோபித்துக்கொள்கிறார்.