முந்தின நாள் சாயந்தரம்

ஒரு வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஸ்டெல்லா மேடம் போன் செய்தார். திருவந்திபுரத்தில் நான் ஆன்லைன் புக்கிங் செய்துகொடுத்த கல்யாண மண்டபத்தின் மேனேஜர். என் வயதுதான் இருக்கும்.

"சார், உடனே கெளம்பி வாங்க. வாசல்ல ரெண்டு கல்யாண வீடு நிக்குது. மண்டபம் ஒண்ணுதான் இருக்கு."

கடலூரிலிருந்து பைக்கில் போகும்போது வழி முழுக்க சர்வரைத் திட்டினேன். என் புரோகிராமைச் சந்தேகிக்கத் தோன்றவே இல்லை. எங்கள் தொழில்காரர் புத்தி அப்படி.

அது 2010. புதிதாக எது வந்தாலும் எனக்கு அன்றைக்கே வேண்டும். பேஜ் ரீலோட் ஆகாமலே கட்டத்தின் நிறம் மாற்றலாம் என்று தெரிந்த நாளிலிருந்து தலைகால் புரியவில்லை. காலண்டரில் காலி நாள் பச்சை, புக் ஆன நாள் சிவப்பு. கஸ்டமர் க்ளிக் செய்தால் அவர் மொபைலுக்கு உடனே எஸ்எம்எஸ். டெமோ பார்த்த மண்டப ஓனர், "பிரமாதம்பா! சென்னைல கூட இப்புடி கெடையாது" என்றார். சென்னையில் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியாது. தலையை ஆட்டிவைத்தேன்.

ஸ்டெல்லா மேடம் மட்டும் ஒன்று கேட்டார். "முந்தின நாள் சாயந்தரத்த எங்க சார் போடறது?"

"அதெல்லாம் சிஸ்டம் பாத்துக்கும் மேடம். நீங்க அந்த புக்கிங் நோட்ட மூடி வெச்சிடுங்க."

கம்ப்யூட்டருக்கு வெள்ளிக்கிழமை என்பது நள்ளிரவு பன்னிரண்டுக்கு ஆரம்பம். நம் ஊரில் வெள்ளிக்கிழமை முகூர்த்தம் என்றால் வியாழன் மாலையே பெண் அழைப்பு. மண்டபம் அப்போதிலிருந்து அவர்களுடையது. சிதம்பரத்துக் குடும்பம் ஒன்று வெள்ளியை புக் செய்திருந்தது. வியாழன் பச்சையாகவே இருந்தது. மேடம் லீவில் இருந்த நேரமாகப் பார்த்து, சேத்தியாத்தோப்புக்காரர் ஒருவர் வீட்டிலிருந்தபடியே அதை எடுத்துவிட்டார். அவர் மகளுக்குக் காலையில் கோயிலில் கல்யாணம், மாலையில் மண்டபத்தில் ரிசப்ஷன்.

நான் போனபோது மேடையில் சேத்தியாத்தோப்பு ஜோடியின் பெயர் தெர்மாகோலில் இருந்தது. வாசலில் சிதம்பரத்துச் சீர்வரிசை இறங்கிக்கொண்டிருந்தது. கல்யாணப் பெண் வேனுக்குள்ளேயே உட்கார்ந்து அழுதாள்.

"மாப்ள வூட்டுக்காரங்க வந்து இத பாத்துட்டு, சகுனமே சரியில்லன்னுட்டாங்கன்னா எம் பொண்ணு கதி என்னாங்க?" என்று அவள் அப்பா மொபைலை நீட்டினார். சேத்தியாத்தோப்புக்காரரும் நீட்டினார். இரண்டிலும் நான் எழுதிய அதே எஸ்எம்எஸ்: மண்டபம் உங்களுக்கே, வாழ்த்துகள்!

ஸ்டெல்லா மேடம் சேத்தியாத்தோப்புக்காரரிடம் போனார். "ஐயா, ஆறு மணி ரிசப்ஷன அஞ்சுக்கே ஆரம்பிச்சிடுங்க. எட்டு மணிக்கு மேடைய இவுங்களுக்கு வுட்டுடுங்க. அதுவரைக்கும் இவுங்க கோயில்கிட்டேந்து பொண்ணு அழைப்ப ஆரம்பிச்சி மெதுவா வரட்டும்."

அவர் வேனைப் பார்த்தார். பிறகு, "எம் மவளுக்கும் இன்னிக்கு காலைலதான் தாலி ஏறிச்சி. மொதல்ல அந்தப் பொண்ண உள்ள கூட்டியாங்கம்மா. மொகம் கழுவட்டும்" என்றார்.

உறவினர்களுக்கெல்லாம் அவரே போன் போட்டு நேரத்தை மாற்றினார். நான் எட்டு மணிக்கு மேடையேறி, ஒரு ஜோடியின் பெயரைப் பிய்த்து இன்னொரு ஜோடியின் பெயரை ஒட்டினேன். அன்று உருப்படியாக நான் செய்த ஒரே கன்டென்ட் அப்டேட் அதுதான். எட்டேகாலுக்கு மேளச் சத்தத்தோடு பெண் உள்ளே வந்தாள். சிரித்துக்கொண்டுதான் வந்தாள்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம் முடிந்ததும் ஓனர் மேடத்துக்குப் போன் செய்தார். "யாரு தப்பு இது? சொல்லு, அவன இன்னியோட நிறுத்திடறேன்." ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"நாங்க ரெண்டு பேரும்தான் சார். சரி பண்ணிட்டோம்" என்றார் ஸ்டெல்லா மேடம்.

தப்பு என்னுடையது மட்டும்தான் என்று நான் சொல்லவில்லை. அன்று மாலையே அவருடைய பழைய நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலண்டரை முதலிலிருந்து எழுதினேன்.

பிறகு ஆண்ட்ராய்டு வந்தது, ஆப் வந்தது. எல்லாவற்றின் மேலும் எனக்கு அதே ஆசைதான். ஆனால் எந்த இடத்துக்கு எழுதினாலும், அங்கே வேலை பார்ப்பவர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு வரி புரோகிராம்கூட எழுதுவதில்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, நீங்களும் எழுதாதீர்கள்.

மேடத்துக்கு அன்று சொல்லாத நன்றியை இங்கே சொல்லிவிடுகிறேன். அவர் மேல் தப்பே இல்லை. இந்தத் தொழிலில் நான் இன்னும் இருப்பது, அவர் எனக்காகச் சொன்ன அந்த ஒரு பொய்யால்தான்.