சித்தியின் பென்சில் கேள்விகள்

என் அம்மாவின் தங்கைக்கு மாத நாவல் என்றால் உயிர். அதில் வருகிற ஆண்களைத்தான் பிடிக்காது. சித்திக்கு ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஆபீஸ் வேலை. சம்பள நாளன்று பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு நாவல் வாங்கிவருவாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குப்புறப் படுத்துக்கொண்டு, கையில் பென்சிலோடு படிப்பாள். கதாநாயகன் 'உன் கண்கள் ஒன்றே போதும்' என்று உருகும் இடத்தில் ஓரத்தில் எழுதுவாள்: 'சாயங்காலம் பசிக்குமே, அப்போ?' எனக்குக் கதையைவிட அந்த ஓரம்தான் பிடிக்கும். ஆறாம் வகுப்பில் எனக்குத் தெரிந்த காதலெல்லாம் பாதி அச்சிலும் பாதி பென்சிலிலும் கற்றதுதான்.

அந்த ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சித்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். பால்கோவாக் கடைக் குடும்பம். மாப்பிள்ளை அதிகம் பேசவில்லை. அம்மா பதற்றத்தில் சர்க்கரை போட மறந்த காபியை முகம் சுளிக்காமல் குடித்துமுடித்தார். சித்தி உள்ளே வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்கே புரிந்தது. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கு அனுப்புவார்களா என்று யாரும் கேட்கவில்லை. முன்பு வந்த இரண்டு வரன்கள் அந்தக் கேள்வியில்தான் தட்டிப்போயின. இந்த முறை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பெண்ணே கேட்பது என்பதை எங்கள் வீட்டில் யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

கிளம்பும்போது மாப்பிள்ளையின் அக்கா, பஸ்ஸில் படிக்க ஒரு புத்தகம் கிடைக்குமா என்றார். மாப்பிள்ளை வீட்டார் வாய்விட்டுக் கேட்டதை இல்லை என்பதா? அம்மா என்னைக் கண்ணால் விரட்டினாள். நானும் ஓடிப்போய், இருப்பதிலேயே நல்லதாக, அதாவது சித்தி அதிகம் எழுதியிருந்ததாகப் பார்த்து எடுத்துவந்து நீட்டினேன். சித்தியின் முகம் வெளுத்துவிட்டது. அவர்கள் தெருவைத் தாண்டிய பிறகு என் காதைப் பிடித்தாள்.

"ஏட்டி, ஒனக்கு வேற புஸ்தகமே கிடைக்கலையா? நான் கேட்டு வச்சிருக்கதையெல்லாம் படிச்சா அவிய என்ன நெனைப்பாவ?"

பத்து நாள் தகவலே இல்லை. அப்பா ஜாதகத்தைக் குறை சொன்னார். அம்மா காபியைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். உண்மையான குற்றவாளி நான் என்பது சித்திக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இந்தக் கல்யாணம் நடந்தால் ஆயுசுக்கும் நாவலைத் தொடமாட்டேன் என்று ஆண்டாளிடம் வேண்டிக்கொண்டேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

பதினோராம் நாள் மாப்பிள்ளையின் அக்கா பால்கோவாவும் புத்தகமுமாக வந்தார். தம்பி புத்தகத்தைக் கையைவிட்டுக் கொடுக்கவே இல்லை, அதனால்தான் தாமதம் என்றார். அவர்களுக்குப் பூரண சம்மதம், பெண்ணுக்கும் சம்மதமென்றால் நாள் பார்க்கலாம் என்று அவர் அப்பாவிடம் சொன்னதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு நிம்மதி.

சித்தி புத்தகத்தோடு மொட்டை மாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஏறினேன். அவளுடைய கேள்விகளுக்குக் கீழே வேறொரு கையெழுத்து இருந்தது. 'அப்பன் எஸ்டேட் சரி, இவனுக்கு என்ன வேலை?' என்பதற்குக் கீழே, 'அடுப்பு முன்னால் நின்று பால் கிண்டுவது. தினமும்.' கதாநாயகி காதலுக்காக வேலையை உதறும் பக்கத்தில் 'எதுக்குடி விட்ட?' என்று சித்தி கேட்டிருந்தாள். 'விட வேண்டாம். ராஜபாளையம் பஸ் எங்கள் தெருப் பக்கம்தான் நிற்கும்' என்று பதில். சித்தி அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தாள். 

கடைசிப் பக்கத்தில் மாலை மாற்றிக் கதை முடிந்திருந்தது. அதன் அடியில் சித்தியின் கேள்வி: 'சரி, இவ வேலைக்குப் போனா சம்பளம் யார் கையில?' அதற்குக் கீழே ஒன்றுமில்லை. எழுதி அழித்து, மறுபடியும் எழுதி அழித்ததில் தாள் நைந்திருந்தது. சித்தி அந்தப் பக்கத்தைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கேள்வியை விட்டுவிட்டாரே, அக்கா கிளம்புவதற்குள் கொடுத்துவிட்டால் எழுதி அனுப்புவார் என்றேன். விட்ட கேள்விக்கு மார்க் கிடையாது என்பதுதான் எனக்குத் தெரிந்த நியாயம்.

"வேண்டாம்ட்டி. அம்புட்டுக்கும் எழுதிட்டு, இதுக்கு மட்டும் பொய் எழுத அவியளுக்கு மனசு வரலை. எனக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டு, கீழே போய்த் தன் சம்மதத்தைச் சொன்னாள்.

சித்தி இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி மில்லுக்கு வந்துபோகிறாள். முதல் மூன்று வருடம் சம்பளம் அப்படியே மாமியார் கைக்குப் போனது. பிறகு ஒருநாள் சித்தப்பாதான், இனி அது அவளிடமே இருக்கட்டும் என்று தன் அம்மாவிடம் சொன்னாராம். 'அம்மா கையில்' என்று எழுதிவிட அன்று அவருக்கு மனம் ஒப்பியிருக்காது. 'அவள் கையில்' என்று எழுதத் தைரியம் வந்திருக்காது. பதினொரு வயதில் எனக்கு அது வெறும் ரப்பர் கறையாகத்தான் தெரிந்தது.