மழைவீடு, பால்மணல், பூஜா

போன வாரம் ராஜபாளையத்திலிருந்து சுந்தரபாண்டியம் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கொட்டோ கொட்டென்று மழை! கடை ஓரமாக ஒதுங்கி நின்றால், எதிர்வீட்டிலிருந்து ஒரு பெண் குடையோடு ஓடி வருகிறாள்.

“அக்கா... மழைவீடு! மழைவீடு!”

குடைக்கு இப்படி ஒரு பெயரா? நனைந்ததே எனக்கு மறந்துவிட்டது.

அவள் பூஜா. நான் பார்க்கப் போன என் பள்ளித்தோழி குருவம்மாவின் மருமகள். குருவம்மாவின் மகன் மகேஷ் பட்டாளத்தில் இருக்கிறான். இமயமலைப் பக்கம் போஸ்டிங் போன இடத்தில் இவளைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டான். இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு, லீவு முடிந்து திரும்பப் போய்விட்டான்.

பூஜாவுக்குத் தெரிந்த தமிழ் ஒரு கைப்பிடிதான். ஆனால் அசரவே மாட்டாள்! பெயர் தெரியாத பொருளா? தெரிந்த இரண்டு சொற்களை எடுத்து ஒட்டிவிடுவாள். ஃப்ரிட்ஜ் — குளிர்ப்பெட்டி. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா — பால்மணல்! அந்தக் குருணைப் பதத்தை வாயில் போட்டுப் பாருங்கள், சரியென்பீர்கள். கொசுவலைக்குக் கொசுவீடு என்று வைத்ததுதான் கொஞ்சம் இடிக்கிறது... உள்ளே படுப்பது நாமல்லவா?

சிரிக்காதீர்கள். நம்மவர்கள் மட்டும் என்ன செய்தார்கள்? எள்ளின் நெய் எண்ணெய். வெள்ளை நெய் வெண்ணெய். நாலு கால் இருந்ததால் நாற்காலி. என்றைக்கோ யாரோ சொல் கிடைக்காமல் தவித்து ஒட்டியதுதானே எல்லாம்? அது என் கண்ணெதிரே நடக்கிறது! எனக்குப் புல்லரித்துவிட்டது.

குருவம்மாவுக்குப் புல்லரிக்கவில்லை. தோசைக்கரண்டியும் கையுமாக முகத்தைத் தொங்கப்போட்டு நின்றாள்.

“எல்லாத்துக்கும் பேரு வைக்கா. எனக்கு வைக்கலியே! அத்தைன்னு ஒரு தடவ கூப்பிட்டிருப்பாளா? அடுத்த மாசம் அவன் வந்து குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிட்டுப் போறானாம். போனா, பொறவு எங்க திரும்பி வரப்போறா?”

எனக்கும் உறுத்தியது. பூஜாவிடமே கேட்டுவிட்டேன். அவள் விறைப்பாக நின்று சொன்னாள்:

“அத்தை... நோ பர்மிஷன்.”

விஷயம் இதுதான். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட ஆத்திரத்தில், வந்த அன்றைக்கே குருவம்மா கத்தியிருக்கிறாள் — “என்னைய அத்தைன்னு கூப்பிடாத!” மகன் பட்டாளத்துக்காரன் அல்லவா? ஆர்டரை அப்படியே இந்தியில் சொல்லிவிட்டான். சிப்பாய் பெண்டாட்டி அதை மீறுவாளா?

“கூறுகெட்ட பய!” என்று குருவம்மா தலையில் கை வைத்தாள். அந்த நேரம் பார்த்து பூஜாவின் போன் அடித்தது. ஊரிலிருந்து அவள் அம்மா, வீடியோ காலில். மகளும் அம்மாவும் கடகடவென்று அவர்கள் பாஷையில் பேசினார்கள். நடுநடுவே மட்டும் ஒரு சொல் — தமிழம்மா... தமிழம்மா...

“யாரைச் சொல்லுதா?” என்றாள் குருவம்மா.

பூஜா போனைத் திருப்பி அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். “இது... தமிழம்மா.”

தமிழ்த்தாயைப் பற்றி மேடைகளில் எத்தனையோ பேச்சு கேட்டிருக்கிறேன். நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். கையில் தோசைக்கரண்டியோடு, கண் கலங்கி நின்றாள்.

போன் பேசி முடிந்ததும் குருவம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி, அத்தைன்னும் கூப்பிடு, இப்பிடியும் கூப்பிடு. போனா வந்துருவியா? அதைச் சொல்லு மொதல்ல.”

பூஜா வடக்கே கையைக் காட்டினாள். பிறகு அடுப்படித் தரையைக் காட்டினாள். சொல் அகப்படவில்லை. கொஞ்சம் யோசித்து, இரண்டை எடுத்து ஒட்டினாள்.

“திரும்புடிக்கெட்!”

ரயில்வேக்காரர்களே... இனிமேல் அப்படியே அச்சடித்தால்தான் என்ன?