மூக்கைத் தேய்த்தால் முழுப்பணம்

தையல்காரருக்கு ஒரு பெருமை உண்டு. எதிரில் நிற்பவரின் இடுப்பளவை டேப் வைக்காமலே சொல்லிவிடுவார். இரண்டு அங்குலம் தப்பினால் அது வாடிக்கையாளர் சாப்பிட்ட குற்றம். இந்தக் கண்ணோடு போக்கர் சீட்டு ஆட உட்கார்ந்தால் ஊரே காலி என்பது அவர் நினைப்பு.

ஞாயிறு மதியம் கடையை மூடிவிட்டு, துணி வெட்டும் மேசையில் ஆட்டம். எதிரே மருந்துக்கடைக்காரரும் பிளம்பரும். ஆளைப் பார்த்துப் பந்தயம் வைப்பதுதான் தையல்காரரின் வித்தை. கையில் நல்ல சீட்டு இருந்தால் கொஞ்சமாகப் போட்டு ஆசை காட்டுவார். ஒன்றுமே இல்லாவிட்டால் கனமாகப் போட்டு மிரட்டுவார். மருந்துக்கடைக்காரர் எச்சில் விழுங்கினால் போதும், தையல்காரர் போடும் அடுத்த பெரிய நோட்டுக்குச் சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்திலிருந்து விலகிவிடுவார். நாலு வாரம் ஜெயித்ததில் தையல்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று சட்டைப்பையில் இருந்தது மனைவியின் கண்ணாடிக்கு எடுத்து வைத்த பணம். கடைக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பது அவள்தான். ஊசிக் காதைத் தேடுவதற்குள் கண்ணில் நீர் கட்டிவிடும். சாயங்காலம் கண்ணாடியோடு வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். பணத்தை இரண்டு மடங்காக்கித் தங்க பிரேமே வாங்கிவிடலாம் என்பது மகாராஜாவின் திட்டம்.

கடைசி ஆட்டத்தில் மருந்துக்கடைக்காரர் வழக்கம்போல விலகிவிட்டார். தையல்காரர் கையில் ஒரு ஜோடிகூட இல்லை. பிளம்பர் மூக்கைத் தேய்த்தார். ஆஹா, பயந்துவிட்டான்! முழுப்பணத்தையும் தள்ளினார்.

"நானும் வர்றேண்ணே" என்றார் பிளம்பர், யோசிக்காமலே. அவரிடம் இருந்தது ஒரு ஜோடி எட்டு. அதுவே போதுமானதாக இருந்தது.

"மூக்கைத் தேச்சியேப்பா?"

"ஜலதோஷம்ணே. நீங்க என் மூஞ்சியப் பாக்குறீங்க, நான் நீங்க போடுற காசைத்தான் பாப்பேன். சீட்டு இருந்தா எண்ணி எண்ணி வைப்பீங்க. இல்லன்னா அள்ளிக் கொட்டுவீங்க."

வீட்டில் நுழைந்ததும் தையல்காரர் மூச்சுவிடாமல் ஆரம்பித்தார். கண்ணாடிக்கடை பூட்டு, முதலாளியின் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, அடுத்த மாதம் புது பிரேம் வருகிறது, அதுவும் பாதி விலைக்கு.

மனைவி பொத்தான் தைத்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து தலை நிமிர்ந்தாள். "எவ்ளோ போச்சு?"

"என்ன போச்சு?"

"ஞாயித்துக்கிழமை, கடை பூட்டுன்னு மட்டும் சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். இவ்ளோ சொல்றீங்களே."

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் சண்டை போடவில்லை. ஊசியையும் நூலையும் நீட்டினாள்.

"கோத்துக் குடுங்க."

ஊரார் இடுப்பை அளக்கும் கண் கலங்கியிருந்தது. நாலாவது தடவைதான் நூல் நுழைந்தது.