சவுனாவுக்குப் போன தக்காளி நாற்றுகள்

ஹொன்கவாரா ஊரில் ஐலா என்றால் பால்பண்ணை ஐலா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பத்தொன்பது வருஷம் அங்கே பால் நிரப்பும் மிஷினின் முன்னால் நின்றவள். போன இலையுதிர் காலத்தில் பண்ணையை மூடிவிட்டார்கள். கூட வேலை செய்தவர்கள் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இவள் போகவில்லை. மிச்சம் கிடந்த, பால் அடைக்கிற சின்னக் காலி அட்டைப்பெட்டிகளை மட்டும் கேட்டு வாங்கி, ஒரு டிராக்டர் வண்டி நிறைய வீட்டுக்குக் கொண்டுவந்தாள். புருஷன் தௌனோவைக் கெஞ்சிக் கூத்தாடி வீட்டுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கூடாரம் கட்ட வைத்தாள். தக்காளி போட்டுப் பிழைப்பேன் என்றாள். சிரித்தவர்களும் உண்டு.

"ஒரு வருஷம் பாக்குறேன். சரியா வரலன்னா நானும் நகரத்துக்குப் போயி ரூம் எடுத்துத் தங்கி வேல பாக்குறேன். சனி ஞாயிறு வந்துட்டுப் போறேன்" என்று தௌனோவிடம் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள் அவள். அதுதான் தௌனோவுக்குப் பயம்.

அந்த ஊரில் கோடைகாலம் விருந்தாளி மாதிரி. ஜூன் பிறந்த பிறகும் ஒரு நாள் உறைபனி விழும், ஆகஸ்ட் முடிவதற்குள் மறுபடியும் வந்து நிற்கும். வெளியே பனி இடுப்பளவு கிடக்கும்போதே, பிப்ரவரியில், தக்காளி விதையை வீட்டுக்குள் முளைக்க வைத்தால்தான் உண்டு. ஒரு மாதம் பிந்தினால் காய் பழுக்காது, பச்சையாகவே உறைந்துபோகும். ஐலா அந்த வருஷம் முந்நூற்று நாற்பது நாற்று வைத்திருந்தாள். பாதியாக வெட்டிய பால் பெட்டி ஒவ்வொன்றிலும் ஒன்று. கூடத்திலும் படுக்கையறையிலும் ஜன்னலோரமெல்லாம் பலகை, பலகைக்கு மேலே குழல் விளக்கு. மார்ச் முதல் வாரத்தில் நாற்று ஒரு விரல் நீளம் வந்து, நாலு இலை விட்டிருந்தது. தொட்டுவிட்டு முகர்ந்தால் கையில் தக்காளி மணக்கும்.

அப்போதுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது. காலை எட்டு மணிக்கு விளக்கெல்லாம் ஒரு தடவை சிமிட்டிவிட்டு அணைந்தது. வெளியே பூஜ்யத்துக்கு இருபத்துநாலு டிகிரி கீழே. முந்தின நாள் அடித்த காற்றில் காட்டுக்குள் மரம் சாய்ந்து கம்பியை அறுத்துவிட்டது, மின்சாரம் சாயங்காலமோ நாளைக்கோ வரும் என்று போனில் சொன்னார்கள். தௌனோ பனி தள்ளும் லாரியோடு விடியும் முன்னே போய்விட்டான். வீட்டில் ஐலாவும் மாமனார் ஏமெலியும்தான்.

அந்த வீட்டுக்கு மின்சாரச் சூடு மட்டும்தான். முன்பு சமையலறையில் பெரிய கல்லடுப்பு இருந்தது. இடம் அடைக்கிறது என்று ஐலாதான் இடிக்கச் சொன்னாள்.

"நான் அன்னைக்கே சொன்னேன், அடுப்ப இடிக்காதீங்கன்னு" என்றார் ஏமெலி, கோட்டை மாட்டிக்கொண்டே.

"இப்ப அதச் சொல்லி என்ன ஆகப்போகுது மாமா? இடிச்ச அடுப்பு எழுந்து வருமா?"

பத்து மணிக்கு அறைக்குள் பதினாறு டிகிரி. பதினொன்றுக்குப் பன்னிரண்டு. ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் பனிப்பூ படர ஆரம்பித்தது. நாற்றுகளைப் பலகையோடு ஜன்னலைவிட்டுத் தள்ளிவைத்தாள், போர்வை போட்டு மூடினாள், போர்வையைத் தூக்கிப் பார்த்தாள், மறுபடி மூடினாள். பத்துக்குக் கீழே போனால் தக்காளி நோயாளி. அதற்கும் கீழே போனால் சவம்.

விறகு எரிகிற அடுப்பு அந்த வீட்டு வளாகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முற்றத்துக்கு அந்தப் பக்கம், நாற்பது அடி தூரத்தில், சவுனாவில். அடுப்பின் மேல் கல்லைச் சுட வைத்து, அந்த ஆவியில் வியர்க்க உட்கார்ந்து குளிக்கிற மரக் குடிசை அது.

"மாமா, சவுனாவப் பத்த வைங்க. நாத்த எல்லாம் அங்க கொண்டு போறேன்."

ஏமெலி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னைக்குச் சனிக்கிழம."

"தெரியும்."

"நாலு மணிக்கு நான் குளிக்கணும். சனிக்கிழம சவுனா இல்லாம நான் இருந்ததே இல்ல. போர்ல கூடக் கூடாரத்துக்குள்ள கல்லச் சுட்டுக் குளிச்சிருக்கேன்."

"போர்ல உங்ககூடத் தக்காளி இருந்துச்சா?"

கிழவர் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டார். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் சவுனாவின் புகைக்கூண்டு புகைந்தது.

இனி நாற்பது அடி. மூடாமல் எடுத்துக்கொண்டு போனால் பாதி வழியிலேயே இலை கண்ணாடியாகிவிடும். கடையில் வாழைப்பழம் வருகிற பெரிய அட்டைப்பெட்டிகள் கொட்டகையில் இருந்தன. அடியில் செய்தித்தாள், நடுவில் சவுனாக் கொப்பரையில் காய்ச்சிய வெந்நீர் பாட்டில் ஒன்று, சுற்றி நாற்று, மேலே மெத்தைப் போர்வை. பெட்டிக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது. பன்னிரண்டு நடை.

"ஒரு விறகுச் சிம்பு, அது எரிஞ்சப்புறம் இன்னொண்ணு. அவ்வளவுதான் மாமா. இருபத்தஞ்சு டிகிரி தாண்டக் கூடாது" என்று அவருக்குச் சொல்லிவைத்தாள்.

"அறுபது வருஷமா சவுனா அடுப்பு எரிக்கிறவன்கிட்டச் சொல்றியா புள்ள?"

"அதனாலதான் எனக்குப் பயமா இருக்கு."

முதல் பெட்டி போனது, இரண்டாவது போனது. காலடியில் பனி நறநறத்தது. வழுக்கிவிடுவோமோ என்று ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தாள். சவுனாவில் முதலில் உடுப்பு மாற்றும் சின்ன அறை, அதற்கு உள்ளே அடுப்பு அறை. வெளிக்கதவைச் சாத்திய பிறகுதான் உள்கதவைத் திறந்தாள். குளிக்க உட்காரும் படிப்பலகைகளில் மேல் பலகையில் நாலு பெட்டி நாற்றைப் பரப்பினாள், நடுப் பலகையில் மூன்று. எட்டாவது பெட்டிக்கு வேறு இடமில்லாமல் வாசலருகே தரையில் அடுக்கினாள்.

ஏமெலி சொன்னபடிதான் எரித்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்கிறவர்கள் சொல்லட்டும், கடைசிவரை அவர் மனசில் கெடுதல் இல்லை. ஆனால் சனிக்கிழமை மத்தியானம் அந்த ஊர் ஆண்பிள்ளை ஒருவன் சவுனா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, அது வாய் திறந்து பாதி காலியாக இருப்பதைப் பார்த்தால், கை சும்மா இருக்குமா? அப்பன் போட்டான், பாட்டன் போட்டான், இவரும் போட்டார். நல்ல காய்ந்த பிர்ச் மரக் கட்டை, நாலு. போட்டுவிட்டுத் தண்ணீர் மொள்ளப் போய்விட்டார்.

ஒன்பதாவது பெட்டியோடு ஐலா உள்ளே வந்தபோது அடுப்பு முழங்கிக்கொண்டிருந்தது. சுவரில் மாட்டிய வெப்பமானியில் நாற்பத்தெட்டு. மேல் பலகை நாற்றெல்லாம் இலை சுருண்டு, ஈரத் துணி மாதிரி தொங்கியது. வாளியோடு பின்னாலேயே வந்த ஏமெலி அடுப்பைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார்.

"மாமா, என்ன செஞ்சீங்க?"

"கை தானாப் போயிருச்சு புள்ள."

போர்வை நழுவியதைக்கூடக் கவனிக்காமல் அவள் பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினாள். உள்கதவைத் திறந்தாள். வெளிக்கதவையும் திறக்கப் போனாள்.

"தொறக்காத!" என்று கத்தினார் ஏமெலி. "தரைக்கு எறக்கு, தர குளுமையா இருக்கும். கதவத் தொறக்காத."

அவள் காதில் ஏறவில்லை. இரண்டு கதவும் அகலத் திறந்தன. வெளிக்குளிர் வெள்ளைப் புகையாகத் தரையோடு தரையாக உருண்டு உள்ளே வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சைமா, வழக்கம்போலத் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குளிக்க வந்து சேர்ந்தாள். புகைக்கூண்டு புகைந்தால் அவள் வந்துவிடுவாள். சவுனா நிறையத் தக்காளி.

"எனக்கு முன்னாடியே ஆள் எறங்கிருச்சு போல."

"சைமா, வாயையும் கதவையும் சாத்து" என்றார் ஏமெலி.

சைமா இரண்டையும் சாத்தினாள். கதவு திறந்திருந்தது ஒரு நிமிஷம், மிஞ்சிப்போனால் இரண்டு.

ஏமெலி தோல் கையுறையை மாட்டிக்கொண்டு அடுப்புக்குள் கையை விட்டார். எரிகிற கட்டைகளை ஒவ்வொன்றாக உருவித் துத்தநாக வாளியில் போட்டு, பனியில் கொண்டுபோய்க் கொட்டினார். கையுறை கருகியது. இரண்டு பெண்களும் மேல் பலகை நாற்றைத் தரைக்கு இறக்கினார்கள். சைமா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கல்லில் ஏறிய சூடு சட்டென்று இறங்குமா? நாற்பத்தைந்து. நாற்பது. ஐலா மண்டியிட்டபடியே வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பதுக்கு வர ஒரு மணி நேரமானது. அதற்குப் பிறகுதான் போய் மிச்சம் மூன்று பெட்டிகளை எடுத்து வந்தாள்.

"ஒரு நாள் மாமா. ஒரே ஒரு நாள் சொன்னதக் கேக்க உங்களால முடியல" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

ஏமெலி கருகிய கையுறையைக் கழற்றி வைத்தார். அடுப்பு வாயில் உட்கார்ந்து, விரல் தடிமன் சிம்பாகப் பார்த்து, கேட்டுக் கேட்டுப் போட்டார்.

"இது போடட்டுமா?"

"போடுங்க."

அதற்குமேல் இருவருக்கும் பேச்சில்லை. சைமா நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்தாள். "செத்த வீட்டுல கூடக் கொஞ்சம் பேசுவாங்க" என்றாள்.

ஐந்து மணிக்கு மின்சாரம் வந்தது. வீடு சூடேறியதும் நாற்றெல்லாம் பழையபடி பலகைக்குப் போனது. எது பிழைக்கும், எது போகும் என்று அன்றைக்குத் தெரியவில்லை. தௌனோ வந்து "எப்படி?" என்று கேட்டதற்கு, "காலைல கேளு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணினாள். சவுனாவின் மேல் பலகையில் வெந்து தொங்கினவை எல்லாம் கழுத்தை நிமிர்த்தியிருந்தன, இலை ஓரம் கொஞ்சம் பழுத்ததோடு சரி. செத்துக் கிடந்தவை வேறு. இலை கறுத்து, கண்ணாடி போல் நைந்து, தண்டு பெட்டிமேல் படுத்திருந்தது. சூட்டில் செத்தது அப்படி இருக்காது. எட்டாவது பெட்டியும் ஒன்பதாவது பெட்டியும். வாசலில் வைத்தவை. ஐம்பத்தேழு. இன்னொரு தடவை எண்ணினாள், ஐம்பத்தேழுதான்.

கண்ணாடிக் கூடாரத்துக்கு இருநூற்றைம்பது போதும். மிச்சம் இருநூற்று எண்பத்துமூன்று இருந்தது. நகரத்துக்குப் போக வேண்டியதில்லை. தௌனோ மூச்சு விட்டான். ஐலா மட்டும் பலகையை விட்டு நகராமல் நின்றாள்.

ஏமெலி காலைக் காப்பிக்கு வரவில்லை. ஐலா அவர் அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். கட்டிலில் உட்கார்ந்திருந்தார், விரலில் துணிக்கட்டு.

"எத்தன செத்துச்சு?"

"அம்பத்தேழு."

"என் அடுப்புதானே?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். சாகிறவரை நம்பியிருப்பார்.

"இல்ல மாமா. நான் தொறந்த கதவு."

கிழவர் அதை நன்றாக உள்ளே வாங்கிக்கொண்டார். "நான் சொன்னேன், தொறக்காதன்னு."

"சொன்னீங்க."

"நீ கேக்கல."

"கேக்கல."

அவர் எழுந்து செருப்பைத் தேடினார். "அந்த அம்பத்தேழு பெட்டியில மண்ணு அப்படியேதான இருக்கு. வெள்ளரி போடலாம்ல?"

"இப்ப சீக்கிரம் மாமா. ஏப்ரல் நடுவுலதான் போடணும்."

"அப்ப ஏப்ரல் நடுவுல நான் போடுறேன். நீ பக்கத்துல வராத."

"வருவேன்" என்றாள் ஐலா.