கோட்டுக்குக் கீழே மிஞ்சிய தண்ணீர்

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு, நோயாளிகளை ஏற்றிப் போகும் டாக்சிக்காரர்களிடமிருந்து தொலைபேசி வந்தது. வீதியெல்லாம் ஐஸ், இன்றைக்கு ஒரு வாகனமும் வெளிக்கிடாது என்றாள் பேசிய பெண். நான் தமிழில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். அவள் 'மெர்சி' என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

என் மனைவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் மூன்று வருடம். திங்கள், புதன், வெள்ளி என்று கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கும் மெசினில் போட வேண்டும். வெள்ளிக்கிழமை பனி கொட்டத் தொடங்கியதும், டாக்சிகள் போய்விடப் போகின்றன என்று ஒன்றரை மணித்தியாலம் முன்னதாகவே அவளைக் கழற்றி அனுப்பிவிட்டார்கள். அதன் பலனை இப்போது பார்த்துக்கொண்டிருந்தேன். கணுக்கால்கள் இரண்டும் வீங்கிக் கிடந்தன. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று விடிய விடிய மூன்று தலையணையில் சாய்ந்தே இருந்தாள்.

சிகிச்சை நிலையத்துக்குப் போன் எடுத்தேன். பத்து மணிக்குள் கொண்டுவந்தால் மெசின் இருக்கும், பிந்தினால் நாளைக்குத்தான் என்றார்கள். அவசர உதவிக்கு எடுத்தேன். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் திரும்ப எடுக்கச் சொன்னார்கள். பஸ் இல்லை. மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ ரயில் நிலையப் படிகளில் அவளை இறக்குவது நடக்கிற காரியமா? கட்டிலிலிருந்து குசினிக்கு வருவதற்கே இரண்டு தரம் நின்றாள்.

பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். அன்றைக்கும் வந்தது.

"தண்ணி குடிச்சனீரோ?" என்று கேட்டேன்.

"இல்லை."

"குழாயைத் திறந்து குடிச்சிருப்பீர். இல்லாட்டில் கால் ஏன் இப்பிடி வீங்குது?"

அவள் சப்பாத்தைப் போட முயன்றுகொண்டிருந்தாள். கால் உள்ளே போகவில்லை. என்னுடைய பெரிய சப்பாத்தைக் கொண்டுவந்து நான்தான் மாட்டிவிட்டேன்.

அவளுக்கு ஒரு நாளைக்கு அரை லீற்றர் தண்ணீர்தான். லா ஷப்பலில் இருக்கும் எங்கள் மளிகைக் கடையிலிருந்து ஒன்றரை லீற்றர் போத்தல் கொண்டுவந்து, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் கறுப்புப் பேனையால் கோடு போட்டு வைப்பேன். அதுவரைக்கும்தான் குடிக்கலாம். இரவு மிச்சத்தை நானே எடுத்து வைத்துவிடுவேன். பக்கத்தில் இருந்தால் ஆசை வரும் அல்லவா. பொலிஸ்காரன் மாதிரித்தான் நடந்துகொண்டேன், ஒத்துக்கொள்கிறேன்.

சரி, கடை வான் இருக்கிறதே என்று தைரியமாக இறங்கினேன். மரக்கறி ஏற்றும் பழைய டீசல் வான். குளிர் மைனஸ் பதினொன்று என்று மருந்துக்கடைப் பலகையில் பச்சையாக எரிந்தது. மூக்குக்குள் இருந்த ஈரம் சுருக்கென்று உறைந்தது. ஆனால் என் வானுக்கு ஐப்பசியில்தான் புதுப் பற்றரி போட்டிருந்தேன். எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கும் புதுச்சேரிக்காரர் போல, ஒவ்வொரு இரவும் பற்றரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போய் ஹீற்றருக்குப் பக்கத்தில் படுக்க வைக்கும் ஆள் இல்லை நான். அவர் பிரெஞ்சு இராணுவத்தில் லொறி பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். ஜெர்மனியில் பல மாரிகாலம் இருந்தவராம். படிக்கட்டில் அவரைக் காணும்போதெல்லாம், "என்ன ஐயா, பிள்ளை நித்திரையோ?" என்று பகிடி பண்ணுவேன்.

மனைவியை முன் ஆசனத்தில் ஏற்றிக் கம்பளியால் சுற்றினேன். சாவியைத் திருப்பினேன். மூன்றாம் முறை எஞ்சின் பிடித்தது. அப்பாடா என்றேன். அந்த நிமிடமே பன்றி அலறுவது போல ஒரு சத்தம். இறப்பர் கருகும் மணம். ஹீற்றரைத் திருகினால் ஐஸ் காற்று வருகிறது, சூட்டு முள்ளோ சிவப்பை நோக்கி ஏறுகிறது. நிறுத்தினேன். மறுபடி போட்டேன். அதே அலறல். மணி எட்டேகால்.

எனக்குத் தலை கொதித்தது. இந்த வானை விற்ற திரான்சி ஊர்க் கராஜ்காரனையும் அவன் பரம்பரையையும் அந்த வீதியே கேட்கத் திட்டினேன். உள்ளே மனைவியின் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. அதைக் கேட்காமலிருக்க இன்னும் உரக்கத் திட்டினேன்.

அப்போதுதான் அந்தப் புதுச்சேரிக்காரர் பற்றரியை நெஞ்சோடு அணைத்தபடி கீழே வந்தார். சத்தம் அவர் வீடுவரை கேட்டிருக்கிறது. பற்றரியைத் தரையில் வைத்துவிட்டு, வானின் மூடியைத் திறந்து, எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும் சிறு தொட்டியில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை. டொக் டொக்கென்று தட்டினார். முழுக்க ஐஸ், தண்ணீர்ப் பம்பும் சேர்ந்து உறைந்து பெல்ட் வழுக்கித்தான் அலறியிருக்கிறது.

"என்ன ஊத்தினீங்க முசே இதுல?"

உறையாத நீலத் திரவம்தான் ஊற்ற வேண்டும். கோடை முழுக்க அந்தத் தொட்டி கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகிக்கொண்டிருந்தது. கிழமைக்கு ஒரு தரமாவது திறந்து நான் நிரப்பினேன். நீலத் திரவம் கடையில் கிடைக்காமலா? ஒரு நாள் மனைவியே கேட்டாள், இதுக்கு வெறும் பச்சைத் தண்ணி விடலாமோ என்று. ஊரில் லொறி ஓட்டினவன் நான், கிணற்றுத் தண்ணீர் விட்டுத்தான் ஓடினது, எனக்கு நீர் படிப்பிக்க வேண்டாம் என்று பாய்ந்தேன். கஞ்சத்தனம்கூட இல்லை, சும்மா திமிர்.

"கராஜ்காரன்தான் ஏதோ..." என்று இழுத்தேன்.

வான் கண்ணாடி இறங்கியது.

"கராஜ்காரன் இல்லை ஐயா," என்றாள் மனைவி. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எடுத்தாள். "என்ரை போத்தலிலை... கோட்டுக்குக் கீழை... மிஞ்சின தண்ணி. இவர்தான் கொண்டுபோய் ஊத்தினவர்."

வெட்கத்தில் என் காது சுட்டது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"எத்தனை மணிக்குள்ள போகணும் மதாம்?" என்று அவளிடம் கேட்டார்.

முற்றத்தில் நின்ற அவருடைய காரின் முன்பக்கக் கம்பிவலைக்கு அட்டை கட்டியிருந்தது. கண்ணாடிக்குப் பழைய போர்வை. பனிக்கால டயர். பற்றரியைப் பூட்டப் பத்து நிமிடம். நான் உதவப் போனேன். "நீங்க அவங்க கூட இருங்க" என்று சொல்லிவிட்டார். நியாயம்தான், நான் தொட்ட வாகனத்தின் கதி தெரிந்ததுதானே. சாவியைத் திருப்பியதும் கார் பிடித்துக்கொண்டது.

போர்த் து லா ஷப்பல் சந்தியில் ஒரு லொறி குறுக்கே சறுக்கி நின்றது. ஒன்பதேகால், ஒன்பதரை. அவர் பிரேக்கைத் தொடவே இல்லை, கியரிலேயே ஊர்ந்தார். மனைவியின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்று சொன்னபடி இருந்தேன். அவள் செத்துப்போனால் கடைசியாக நான் அவளிடம் கேட்டது குழாய்த் தண்ணீர்க் கதைதானே என்று நினைத்தேன்.

பத்துக்கு ஆறு நிமிடம் இருக்கையில் போய்ச் சேர்ந்தோம். தாதி அவளைத் தராசில் ஏற்றினாள். இருக்க வேண்டியதைவிட மூன்றரைக் கிலோ கூட. 'பார்த்தீரோ' என்று நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் தாதி வெள்ளிக்கிழமைத் தாளைப் புரட்டினாள். அன்றைக்கு இரண்டு கிலோ தண்ணீரை எடுக்காமலே அனுப்பியிருந்தார்களாம். மூன்று நாளில் கூடினது ஒன்றரைதான், நன்றாகக் கட்டுப்பாடாக இருந்திருக்கிறீர்கள் மதாம் என்றாள்.

இரண்டு ஊசியும் ஏறி, இரத்தம் குழாயில் ஓடத் தொடங்கிய பிறகுதான் மனைவி கண்ணைத் திறந்தாள். நான் கட்டிலடியில் என் சப்பாத்துகளை அவள் காலிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீர் வேணுமோ என்று கேட்டேன். மூன்று வருடத்தில் அவளிடம் நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வேண்டாம்," என்றாள். "என்ரை பங்கையும் சேர்த்து உங்கடை வான் குடிச்சிட்டுது."