மேட்டோரம் புதைத்த குழவி

சம்பூரில் எங்கள் வளவின் பின்வேலிக்கு அப்பால் ஒரு மேடு இருக்கிறது. தோண்டக் கூடாது என்று பலகை நட்டிருக்கிறார்கள். எழுத்து வருவதற்கு முந்திய மனிதர்கள், இறந்தவர்களின் எலும்பைத் தாழியில் இட்டு, பக்கத்தில் சோற்றுக் கலயமும் மணியும் வைத்துப் புதைத்த இடமாம். மண் கலையாமல் கிடந்தால்தான் அவர்கள் என்ன தின்றார்கள், அந்த மணி எங்கேயிருந்து வந்தது என்றெல்லாம் அறியலாமாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு, எல்லை அளக்க வந்த அதிகாரிப் பெண் சொல்லித்தான் இதெல்லாம் தெரியும்.

என் பயம் வேறு. பழம்பொருள் அகப்படும் இடம் வரைக்கும் எல்லைக் கயிறு வரும் என்றார்கள். இடம்பெயர்ந்து அலைந்து, திரும்பி வந்து கட்டிய வீடு கயிற்றுக்குள் போய்விட்டால்?

எல்லைக்கல் நடக் குழி வெட்டியவர்கள், எங்கள் வேலியோரம் ஓர் உடைந்த பானையை எடுத்தார்கள். உள்ளே வழுவழுப்பான நீளக் கல். அதிகாரிப் பெண் தூரிகையால் மண்ணைத் தட்டிப் படமெடுத்தாள். கயிறு பிடித்தவர், அடுப்பு புகைந்துகொண்டிருந்த எங்கள் குசினிப் பக்கம் பார்த்தார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஐயோ, என்ர குழவி!"

சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிய அன்று மற்றவர்கள் பித்தளைச் சாமான்களைப் புதைத்தார்கள். இவள் தாய்வீட்டு அம்மிக்குழவியைப் பானையில் இட்டுப் புதைத்தாள். மேடு அடையாளத்துக்கு இருக்கும் என்றாள். திரும்பி வந்தபோது மேட்டில் பலகை நின்றது. நான்தான் பயந்து அவளைக் கிண்ட விடவில்லை.

"உது பழசில்லை, பிள்ளை. வந்து பாருங்கோ," என்று மனைவி அதிகாரிப் பெண்ணை முற்றத்துக்குக் கூட்டிப் போனாள்.

அம்மி முற்றத்திலேயே கிடந்தது. பாரமென்று ஒருவரும் தூக்கவில்லை. வேறு குழவியால் அரைத்ததில், தேங்காய்ச் சம்பல் ஒருநாளும் மசிந்ததில்லை. இவள் கல்லைக் கழுவி வைத்தாள். அம்மியின் தேய்ந்த பள்ளத்தில் அது அப்படியே பொருந்தி உட்கார்ந்தது.

அதிகாரிப் பெண்ணுக்குச் சிரிப்பு. "நல்ல காலம் அம்மா. நான் கற்காலம் எண்டு எழுதப் பாத்தனான்."

"இந்த மனிசனோட குடும்பம் நடத்தினதும் கற்காலம் மாதிரித்தான், பிள்ளை."

கயிறு வேலிக்கு அப்பாலேயே நின்றது. மனைவி அந்தக் குழவியாலேயே சம்பல் அரைத்து அதிகாரிப் பெண்ணுக்குச் சோற்றோடு வைத்தாள்.

"பிறகு மாறாதோ?" என்று கேட்டேன்.

"மாறாது, ஐயா."

"நிச்சயமோ?"

"எத்தினை தரம் கேப்பீங்கள்? அவ சம்பலைச் சாப்பிடட்டும்," என்றாள் மனைவி.

அவர்கள் போன பிறகு, மேட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "நான் போனா எனக்குப் பக்கத்தில இந்தக் குழவியை வையுங்கோ."

"அப்ப நான் எதால அரைக்கிறது?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அன்று முழுக்க எனக்கு அதே யோசனையாக இருந்தது.